சூரியனைக் காணோம்!

(ராயபுரம் படிப்பகம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். திரையில் இந்த ஓவியம் வந்ததுமே முன்வரிசை அண்ணன் கேட்டார்: "இது எண்ணூர் பக்கமா சார்?" கேட்டதில் தப்பே இல்லை. பாய்மரம், கிரேன், புகைபோக்கி, மூட்டம் எல்லாம் இருக்கிறது. ஆனால் இது பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகம். 1872-இல் அங்கே விடிந்த ஒரு காலையை பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே தீட்டியிருக்கிறார். திரையில் பெரிதாகத் தெரிகிறது; அசல் ஓவியம் 48-க்கு 63 சென்டிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு சின்ன டிவி அளவு. 1874-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது, 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' என்ற இதன் தலைப்பிலிருந்த 'இம்ப்ரெஷன்' (மனப்பதிவு) என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு விமர்சகர் கிண்டலடித்தார். அந்தக் கிண்டலே 'இம்ப்ரெஷனிசம்' என்று ஒரு ஓவிய மரபுக்குப் பேராகிவிட்டது. சரி, அந்தக் கதை போதும்.

படகுகளைப் பாருங்கள். கிட்டே இருப்பது நல்ல கருப்பு. அடுத்தது வெளிறியிருக்கிறது. மூன்றாவது மூட்டத்தில் பாதி கரைந்துவிட்டது. மார்கழியில் விடிகாலை ஏலத்துக்குக் காசிமேடு போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றும் சாய்வாக ஒரே வரிசையில் நிற்பதால், நம் கண்ணும் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது.

இப்போது சொல்லுங்கள், படத்தில் எது பளிச்சென்று இருக்கிறது? சூரியன் என்கிறீர்கள். ஃபோனை எடுங்கள். திரையைப் படம்பிடித்துக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள்.

சூரியனைக் காணோம், இல்லையா?

அந்த ஆரஞ்சும் சுற்றியுள்ள சாம்பல் நீலமும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்று. நிறம் மட்டும்தான் வேறு. அதனால்தான் அந்த வட்டம் ஓரிடத்தில் நிற்காமல் லேசாகத் துடிப்பதுபோல் இருக்கிறது. மோனே அங்கே வெள்ளையும் மஞ்சளும் அப்பியிருந்தால் சூரியன் ஜொலித்திருக்கும், மூட்டம் செத்திருக்கும். விடிந்தும் விடியாத அந்த நேரமே போயிருக்கும். என்னைக் கேட்டால், படத்தின் உயிர் இந்த ஒரு கஞ்சத்தனத்தில்தான் இருக்கிறது.

ஒரு தம்பி, "சோகமா இருக்கு சார்" என்றார். நீலமும் சாம்பலும் சேர்ந்தாலே சோகம் என்று நமக்குப் பழகிவிட்டது. பின்வரிசையிலிருந்து மீன் விற்கிற ஆயா ஒருவர் விடவில்லை: "இன்னா சோகம்? ஆளுங்க வேலைக்குப் போறாங்க. தண்ணி அடங்கிக் கெடக்குது, ஆர்பருக்கு உள்ளதான் இது."

எப்படித் தெரியும் ஆயா என்று கேட்டேன். எழுந்து வந்து, தண்ணீரில் சூரியனுக்குக் கீழே இறங்கும் குட்டைக் குட்டை ஆரஞ்சுத் தீற்றல்களைத் தொட்டுக் காட்டினார். "வெளிக்கடல்ல இது இப்புடி நேரா வுழாது, செதறிப்பூடும்."