கோல்ட்டா ஏரிக்கரையில் ரயில் நிலையம் ஏன்? நேயர் கேள்விக்கு விளக்கம்

ஈக்வடார் நாட்டின் கோல்ட்டா ஏரியைப் பற்றிய சென்ற பதிவைப் பார்த்த நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கும் மேலே, பெரிய நகரம் எதுவும் கண்ணில் படாத ஏரிக்கரையில் எதற்காக ரயில் நிலையம் கட்டினார்கள்? இப்போது அங்கே ரயில் வருகிறதா?"

ஏரிக்காக வந்த பாதை அல்ல அது. துறைமுக நகரான குவாயாகிலையும் மலைமேல் இருக்கும் தலைநகர் கீட்டோவையும் இணைக்கும் ரயில் பாதை வேலை, 19ஆம் நூற்றாண்டில் அதிபராக இருந்த கார்சியா மொரேனோ காலத்திலேயே தொடங்கி, மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. 1897இல் அதிபர் எலோய் அல்ஃபாரோவின் அரசு அமெரிக்கரான ஆர்ச்சர் ஹார்மனுடன் ஒப்பந்தம் செய்த பிறகுதான் தண்டவாளம் ஆண்டிஸ் மலையில் ஏறத் தொடங்கியது.

அந்த ஏற்றத்தில் மிகக் கடினமான இடம், அலவ்சி ஊருக்குக் கீழே 'பிசாசின் மூக்கு' என்று அழைக்கப்படும் செங்குத்துப் பாறை. வண்டி திரும்புவதற்கு அங்கே இடமே கிடையாது. ஆகவே ரயில் ஒரு சரிவில் முன்னோக்கி ஏறி நிற்கும். தண்டவாளம் மாற்றப்பட்டதும் அடுத்த சரிவில் பின்னோக்கியே ஏறும். பிறகு மறுபடியும் முன்னோக்கிச் செல்லும். இந்தப் பாறையை வெடிவைத்து உடைப்பதற்கு ஜமைக்காவிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பலர் விபத்திலும் நோயிலும் மாண்டார்கள். இந்தப் பாதையைப் புகழ்கிறவர்கள் அல்ஃபாரோவுக்கும் ஹார்மனுக்கும் முன்பாக அவர்களைத்தான் நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படி ஏறிவந்த பாதை, குவாமோட்டேயைத் தாண்டிய பின், கோல்ட்டா ஏரியை ஒட்டிய சமதளத்தை அடைகிறது. இதற்கு அப்பால், சிம்போராசோ மலையின் அருகே 3,609 மீட்டர் உயரத்தில் இருக்கும் உர்பினா வரை மீண்டும் ஏற்றம் காத்திருந்ததால், இந்தச் சமதளம் பாதை போட்டவர்களுக்குப் பெரும் வரமாகவே இருந்திருக்கும்.

இன்று பெரிய நகரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய ரியோபாம்பா நகரம் இந்த ஏரிக்கு அருகில்தான் இருந்தது. 1797 பிப்ரவரியில் நேர்ந்த நிலநடுக்கம் அதைத் தரைமட்டமாக்கியதால், மக்கள் இப்போதைய ரியோபாம்பாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ரயில் வந்தபோது இங்கே எஞ்சியிருந்தவை கஹபாம்பா போன்ற சிற்றூர்களும், ஏரியில் கோரை அறுத்துப் பாய் முடையும் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுமே.

1908 ஜூன் 25 அன்று ரயில் கீட்டோவை அடைந்தது. பின்னாளில் நெடுஞ்சாலைகள் பெருகியதால் பாதை நலிந்தது. 2008இல் அது தேசியப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்ட பின், நிலையங்கள் சீரமைக்கப்பட்டுச் சுற்றுலா ரயில்கள் ஓடின. ஆனால் 2020இல், பெருந்தொற்றுக் கால நிதி நெருக்கடியில், அரசு தன் ரயில்வே நிறுவனத்தையே கலைத்துவிட்டது. இத்தனை உயிர்களைக் கொடுத்துப் போட்ட பாதையை ஓர் அரசாணையால் கைவிட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆகவே இந்த நிலையத்தைக் காண ரயிலை நம்பிக் கிளம்ப வேண்டாம். ரியோபாம்பாவிலிருந்து தெற்கே செல்லும் பேருந்துகள் ஏரிக்கரை வழியாகவே போகின்றன. 1534இல் தோன்றியதாகச் சொல்லப்படும் பல்பனேரா தேவாலயமும் அதே சாலையோரத்தில் இருக்கிறது.