சிரிப்பு யார் மேல் விழுகிறது?

வணக்கம், நண்பர்களே.

பழைய நகைச்சுவை இசை நாடகம் ஒன்றை யாராவது தூசி தட்டி மேடையேற்றினால், விமர்சனம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. கதை அரதப்பழசு, ஆனால் பாட்டும் ஆட்டமும் ஜோர், கவலையை மறந்து சிரித்துவிட்டு வரலாம். அதோடு சரி. அந்தச் சிரிப்பு இன்றைக்கு யார் மேல் விழுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. நகைச்சுவையைப் பற்றிப் பேச வந்தால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் 1984-ல் நடந்த ஒரு மறு அரங்கேற்றத்தை வைத்து இதைப் பேசுகிறேன்.

நாடகம் 'மீ அண்ட் மை கேர்ள்'. முதலில் 1937-ல் லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கில் வந்தது. இசை நோயல் கே. தேம்ஸ் நதியின் தென்கரையில், லாம்பெத் பகுதியில், தள்ளுவண்டி வியாபாரம் செய்பவன் பில் ஸ்னிப்சன். ஹேர்ஃபோர்டு பிரபு வம்சத்தின் வாரிசு அவன்தான் என்று திடீரென்று தெரியவருகிறது. பட்டமும் சொத்தும் வேண்டுமானால் அவன் கனவானாக மாற வேண்டும், காதலி சாலியை விட்டுவிட வேண்டும். பில் அவளை விட மறுக்கிறான்.

ஆரம்பத்தில் கூட்டம் சுமார்தான். 1938 ஜனவரியில் ஒரு விளையாட்டுப் போட்டி ரத்தாகி, அந்த நேரத்தை நிரப்ப பிபிசி வானொலி இந்த நாடகத்தை அரங்கிலிருந்து நேரடியாக ஒலிபரப்பியது. அப்புறம் கூட்டம் பெருகி, மொத்தம் 1,646 காட்சிகள்!

அதில் 'லாம்பெத் வாக்' என்று ஒரு பாட்டு. பில்லின் தெருக்காரர்கள் மாளிகை விருந்துக்கு வந்து ஆடத் தொடங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் அவர்களோடு கைகோத்து ஆடுகிறார்கள், 'ஓய்' என்று கத்துகிறார்கள். இந்த ஆட்டம் நாடு முழுக்கப் பரவி ஐரோப்பாவுக்கும் போனது. ஆங்கிலேயர்களின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்த மாஸ் அப்சர்வேஷன் குழுவினர், 1939-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார்கள். நாஜிப் படைகள் அணிவகுக்கும் காட்சிகளை வெட்டி ஒட்டி, ஹிட்லரின் வீரர்கள் இந்த மெட்டுக்கு முன்னும் பின்னும் ஆடுவது போல 1942-ல் பிரிட்டனில் ஒரு குறும்படம் செய்தார்கள். இவ்வளவு செய்த ஒரு பாட்டை 'லேசான பொழுதுபோக்கு' என்ற ஒரே சொல்லில் எப்படி அடக்குவது?

சரி, லெஸ்டருக்கு வருவோம். நோயல் கேயின் மகன் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ், நடிகர்கள், எழுத்தாளர்களுக்கு முகவராக இருந்தவர். தந்தையின் நாடகத்தை மீட்டுவிட வேண்டும் என்று பாடுபட்டார். அப்போது இருபது வயதுகளில் இருந்த எழுத்தாளர் ஸ்டீஃபன் ஃப்ரை வசனத்தைத் திருத்தி எழுதினார். இயக்கம் மைக் ஆக்ரென்ட். நோயல் கே வேறு இடங்களுக்காகப் போட்ட 'லீனிங் ஆன் எ லாம்ப்போஸ்ட்', 'தி சன் ஹாஸ் காட் ஹிஸ் ஹேட் ஆன்' போன்ற பாட்டுகளும் உள்ளே வந்தன. பில்லாக ராபர்ட் லிண்ட்சே, சாலியாக எம்மா தாம்சன். மறு அரங்கேற்றம் என்று சொன்னாலும் பாதி நாடகம் புதிதாகச் செய்தது. அதைச் செய்தது ஒரு பிராந்திய அரங்கு, லெஸ்டர் ஹேமார்க்கெட். ஊர் அரங்குகளின் தயாரிப்புகளைப் பார்க்கும் விமர்சகர்கள் 'இது லண்டனுக்குப் போகுமா' என்று எடைபோடும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. லண்டனுக்கான ஒத்திகை போல அதைப் பார்க்கும்போது, அங்கே நடந்த படைப்பு வேலை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

1985 பிப்ரவரியில் லண்டன் அடெல்ஃபி அரங்குக்குப் போனது. எட்டு ஆண்டு ஓடியது. சிறந்த இசை நாடகத்துக்கான, லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருதும், லிண்ட்சேக்கு நடிப்புக்கான ஒலிவியேயும் கிடைத்தன. 1986-ல் நியூயார்க்கில் புதிதாகக் கட்டிய மார்க்வி அரங்கைத் திறந்துவைத்த நாடகமும் இதுதான். அங்கே லிண்ட்சேக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருது. பிரபுவின் நீண்ட அங்கியோடு அவர் நடத்தும் மல்லுக்கட்டைப் பார்த்தவர்கள் அவரைக் கொண்டாடியது நியாயம். உடம்பால் செய்யும் நகைச்சுவைக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது மேடை ஏறியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் லெஸ்டரில் இது மேடையேறியது எந்த ஆண்டு என்று பாருங்கள். 1984. பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள், வேலையில்லாதவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். அந்த வேளையில் ஒரு தள்ளுவண்டிக்காரன் மாளிகைக்குள் நுழைந்து அதன் ஒழுங்கைக் கலைக்கிறான். இதைப் பழங்கால ஏக்கம் என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். எதிர்த் தரப்பும் வலுவானதுதான்: பில் மேலே வருவது திறமையால் இல்லை, ரத்தத்தால். கடைசியில் வம்சம் காப்பாற்றப்படுகிறது, மாளிகை அப்படியே நிற்கிறது. இந்த இரண்டும் ஒரே நாடகத்துக்குள் இருக்கின்றன, அதனால்தான் இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது என் கருத்து.

2010-ல் ஷெஃபீல்டு, 2018-ல் சிசெஸ்டர் என்று லண்டனுக்கு வெளியே இது மறுபடியும் மேடையேறியது. ஷெஃபீல்டில் பில்லாக நடித்த டேனியல் எவன்ஸ்தான் சிசெஸ்டரில் இயக்குநர். சிசெஸ்டரில் பில்லாக நடித்தவர் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் மாட் லூகஸ். பில்லாக யார் நடித்தாலும் பேச்சு அவரைச் சுற்றித்தான் போகும், பாத்திரம் அப்படி. நான் விமர்சகர்களிடம் எதிர்பார்ப்பது சாலியைப் பற்றி. பில் மாறவே இல்லை. மாறுகிறவள் அவள். உச்சரிப்பு திருத்தி, நடை திருத்தி, சீமாட்டியாகத் திரும்பி வந்த பிறகுதான் மாளிகை அவளை ஏற்கிறது. பில்லோ அவளைக் கண்டதும் தன் பழைய லாம்பெத் பேச்சிலேயே, இவ்வளவு நாள் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அதட்டுகிறான். அந்த அதட்டலுக்கு அரங்கம் சிரிக்கும்போது சாலி என்ன முகத்தோடு நிற்கிறாள்? புது உச்சரிப்பில் பதில் சொல்லப் போகிறாளா, பழையதிலா? ஒரு இயக்குநர் இந்த நாடகத்தை எப்படிப் படித்திருக்கிறார் என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். விமர்சகர் அங்கே உட்கார்ந்து பார்த்து, பார்த்ததை எழுத வேண்டும்.