புளியங்கொட்டை வைத்த இடங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வீட்டில் தமிழும் அரசு அலுவலகத்தில் மலையாளமுமாக வாழ்கிற ஊர். பல ஆண்டுகளாக எல்லையின் இருபுறமும் உள்ள பெண்கள் காப்பகங்களுக்கு, ஆய்வுக் குழுவில் ஒருத்தியாகப் போய்வருகிறேன். ஆள் கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் தங்கியிருக்கும் இல்லங்கள் அவை. அந்த இல்லங்கள் உண்மையிலேயே பாதுகாப்பானவையா என்பதை எப்படிக் கண்டறிவது? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அது அதிகாரிகளின் வேலை என்று நீங்கள் நினைக்கலாம். வாளையார் வழியாக ஒவ்வொரு நாளும் எத்தனையோ ரயில்கள் பாலக்காட்டுக்குள் வருகின்றன. வேலைக்கு என்று நம்பி வருகிறவர்கள் அவற்றில் நிறைய. வீட்டு வேலை, ஜவுளி ஆலை, அழகு நிலையம் என்று சொல்லி அழைத்து வரப்பட்டு, சொன்ன வேலைக்குப் பதிலாக வேறெங்கோ கொண்டுபோய் விடப்பட்ட பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாப் பெண்களும் உண்டு, பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண்களும் உண்டு. மீட்கப்பட்டவள் போய்ச் சேரும் வீடு, பெயர்ப்பலகை இல்லாமல் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

முதலில் ஒரு புகார்ப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். எந்த இல்லம் என்று சொல்லமாட்டேன். தகரப் பெட்டி, சிவப்புச் சாயம், சின்னப் பூட்டு. எங்கள் ஆய்வுப் படிவத்தில் 'புகார்ப் பெட்டி உள்ளதா?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'உள்ளது' என்று குறித்தோம். 'கடந்த ஆறு மாதங்களில் வந்த புகார்கள்?' என்பது அடுத்த கேள்வி. 'எதுவும் இல்லை.' நல்ல மதிப்பெண் கிடைத்துவிட்டது. அன்று மாலை சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் நறுக்கினேன். பேச்சோடு பேச்சாகப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "இங்கே எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் அக்கா. சீட்டுப் போட்டால் யார் போட்டது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?" பெட்டியின் சாவி வார்டனிடம் இருந்தது என்பதையும் அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

அன்றிலிருந்து, புகாரே வராத இல்லம் என்றால் எனக்கு ஒரு நெருடல். இருபது பேர் ஒரே கூரையின் கீழ் வாழும் வீட்டில் குழம்பில் உப்பு கூடியது என்று சொல்லக்கூட ஒருத்திக்கும் வாய் வரவில்லை என்றால், அங்கே ஏதோ அடைபட்டுக் கிடக்கிறது.

2018-இல் நாடே அதிர்ந்த முசாபர்பூர் சம்பவம் உங்களுக்கு நினைவிருக்கும். பீகாரில் அரசு நிதியில் நடந்த சிறுமியர் காப்பகம் அது. டாடா சமூக அறிவியல் கழகத்தின் குழு ஒன்று அந்த மாநிலத்துக் காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்து கொடுத்த அறிக்கையிலிருந்துதான் அங்கே சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. தணிக்கைக் குழு சிறுமிகளிடம் பேசியது, அவர்கள் சொன்னதை நம்பியது. அந்த வழக்கைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எத்தனை இல்லங்களில் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன் என்று எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம் அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு மனித வணிகத்தைத் தடை செய்கிறது. பாலியல் தொழிலுக்காக ஆள் கடத்துவதைத் தடுக்க வந்தது 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம். அதன் கீழ், மீட்கப்பட்ட பெண்ணை மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகிறார்கள். விசாரணைக்குப் பிறகு, ஓராண்டுக்குக் குறையாமல், மூன்றாண்டுக்கு மிகாமல் அவளைப் பாதுகாப்பு இல்லத்தில் வைக்க அவர் உத்தரவிடலாம். குற்றம் செய்தவள் அவளில்லை. ஆனாலும் வாசலைத் தாண்ட அவளுக்கு அனுமதி தேவை. இந்த முரண் எல்லா இல்லங்களின் சுவரிலும் ஈரம்போல ஊறிக் கிடக்கிறது. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய பாதுகாப்பு இல்லங்களையெல்லாம் மாநில அரசுகள் கணக்கெடுக்க வேண்டும், விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களின் நிலையைப் பரிசீலித்துக் குறித்த காலத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்று சொன்னது. ஆகவே, ஆய்வுக்குப் போகிற எவரும் ஒவ்வொரு பெண்ணிடமும் தனியாகக் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இங்கே இருக்க உனக்கு விருப்பமா?"

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் இல்லத்துக்கு எதிரே, மோட்டார் சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒருவன் மூன்று நாள் நின்றதை நானே பார்த்தேன். உள்ளே இருந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வந்த தரகன். அந்த இல்லத்து வார்டன் மூன்று இரவும் கிரில் கதவுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். இரண்டு மாதமாக அவருக்குச் சம்பளம் வந்திருக்கவில்லை. ஊழியர்களின் சம்பளத்தையும் ஓய்வையும் விசாரிக்காத ஆய்வு, பாதி ஆய்வுதான். ஆனால் உள்ளிருந்து திறக்க முடிந்த பூட்டா, வெளியிலிருந்து போடும் பூட்டா என்பதைப் பார்த்தே ஆகவேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை நாம் மறந்துவிடக் கூடாது. இரவில் தீப்பிடித்தால் சாவி எங்கே இருக்கும் என்று நான் கேட்கிறேன். வாயால் சொன்னால் போதாது, எடுத்துக் காட்டச் சொல்கிறேன்.

எல்லைப் பகுதியில் இன்னொரு சங்கடம் மொழி. கேரளத்து இல்லத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி, மலையாளத்தில் அச்சிட்ட சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். "என்னம்மா எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். "தெரியாது அக்கா, சேச்சி போடச் சொன்னார்கள்." அது சம்மதக் கடிதம். தமிழ்நாட்டுப் பக்கத்து இல்லங்களில் தெலுங்குப் பெண்களுக்கும் மலையாளப் பெண்களுக்கும் இதே கதைதான். வங்காளத்திலிருந்து வந்த ஒருத்தியிடம், சாப்பாடு எப்படி என்று கேட்டேன். அரை நிமிடம் பேசினாள், கண்கூடக் கலங்கியது. மொழிபெயர்த்த ஊழியர், "நன்றாக இருக்கிறதாம்" என்றார். எனக்கு வங்காளம் தெரியாது. ஆனால் அரை நிமிட அழுகை இரண்டு சொல்லில் அடங்காது என்று தெரியும். இல்லத்து ஊழியரே மொழிபெயர்த்தால் கிடைப்பது இல்லத்தின் பதில். வெளியிலிருந்து ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப்போகப் பணம் இல்லையென்றால், அந்தப் பயணத்தையே தள்ளிவைக்கலாம்.

அதேபோல, "நீ எப்படி இங்கே வந்தாய்?" என்று நான் கேட்பதில்லை. போலீஸ், மாஜிஸ்திரேட், மருத்துவர், ஆலோசகர் என்று நான்கு பேரிடம் அவள் அதைச் சொல்லி முடித்தாயிற்று. ஐந்தாவதாக எனக்கும் எதற்கு? கடத்தப்பட்ட பெண்களிடம் பேசுவதற்கென்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் முதலாவது, தீங்கு செய்யாதே என்பதுதான். அவள் கதை எனக்கு வேண்டாம், இந்த வீட்டைப் பற்றி அவள் சொல்வது வேண்டும்.

அதைக் கேட்க நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். கூடத்துத் தரையில் கோலமாவால் வீட்டின் வரைபடத்தைப் பெண்களையே போடச் சொல்வோம். படுக்கையறை, சமையலறை, கிணற்றடி, அலுவலக அறை, வாசல். எழுத்து தெரியவேண்டியதில்லை. கோலம் போடாத கை நம் பக்கத்தில் ஏது? வெளியூர்ப் பெண்களும் பார்த்துப் பார்த்துப் போட்டுவிடுவார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுப்போம். பயமாக இருக்கும் இடத்தில் கொட்டையை வைக்கச் சொல்லிவிட்டு, நாங்களும் ஊழியர்களும் வெளியே போய்விடுவோம்.

ஒருமுறை அப்படிச் செய்தபோது, வாசலில்தான் குவியும் என்று வார்டன் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் இரண்டோ மூன்றோ கிடந்தன. குளியலறைக் கதவருகே ஒரு சிறு குவியல். மற்றதெல்லாம் அலுவலக அறையில், பார்வையாளர் நாற்காலியைக் குறித்த சின்ன வட்டத்துக்குள். ஏன் என்று மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. 'சித்தப்பா', 'மாமா' என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காரும் ஆட்கள். அவர்களில் ஒருவன், அங்கிருந்த ஒருத்திக்கு உண்மையான சித்தப்பாதான். அவளை முதலில் ரயில் ஏற்றிவிட்டவனும் அவனே.

பதிவேட்டில் 'குடும்பத்துடன் சேர்க்கப்பட்டவர்' என்ற பத்தி வெற்றிக் கணக்கு. அனுப்புவதற்கு முன் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க 1956 சட்டத்தின் 17-அ பிரிவே இடம் தருகிறது. மாநிலம் தாண்டிய முகவரி என்றால் அந்த விசாரணை ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை பேரை அனுப்பினீர்கள் என்று கேட்பதைவிட, போனவள் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறாள் என்று கேட்பதே மதிப்பீடு. 'சொல்லாமல் சென்றவர்' என்று சிவப்பு மையில் எழுதிய பெயர்களைப் பற்றியும் கேட்கவேண்டும். அவர்கள் எதற்கு ஓடினார்கள் என்பதில் ஓர் இல்லத்தின் பாதி வரலாறு இருக்கும்.

ஆனால் விசாரிக்கப் போகிற முறையிலேயே அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிடலாம். அரசு ஜீப் அவள் வீட்டு முன் நின்றாலே ஊர் பேசத் தொடங்கிவிடும். இல்லத்தின் பெயர் அச்சிட்ட உறை தபாலில் வந்தாலும் அப்படித்தான். ஆகவே இல்லத்தைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அவளிடம் கேட்டு வைத்துக்கொள்கிறோம். ஒரு பெண் சொன்னாள்: "வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள். மாமியார் எடுத்தால் தையல் சங்கத்திலிருந்து என்று சொல்லுங்கள்." எங்கள் ஆலோசகர் ஒவ்வொரு மாதமும் ஒரு வியாழக்கிழமை அவளை அழைக்கிறார். கூப்பிடவே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களை நாங்கள் கூப்பிடுவதில்லை. கணக்கில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், இருக்கட்டும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது உதவி தேவைப்பட்டால் பெண்கள் உதவி எண் 181, சட்ட உதவிக்கு 15100.

கோலமாவு வரைபடம் போட்ட அந்த இல்லத்துக்கு, அறிக்கையோடு திரும்பவும் போனோம். என்ன எழுதினோம் என்பதை அந்தப் பெண்களிடமே தமிழிலும் மலையாளத்திலும் படித்துக் காட்டினோம். பார்வையாளர்களைச் சந்திக்கும் முறை மாறியிருந்தது. யார் வந்தாலும், பார்க்க விருப்பமா என்று முதலில் அந்தப் பெண்ணைக் கேட்கிறார்கள். மறுபடியும் வரைபடம் போட்டோம். நாற்காலியில் ஒரே ஒரு கொட்டை. குளியலறைக் கதவருகே அதே குவியல் அப்படியே இருந்தது. உள் தாழ்ப்பாள் போட்டுத் தருவதாக எழுதிக் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வரும் திங்கட்கிழமை மறுபடியும் அங்கே போகிறேன். அலுவலக அறைக்குள் நுழைவதற்கு முன், நேராகப் போய் அந்தக் கதவைச் சாத்திப் பார்க்கப்போகிறேன்.

நன்றி, வணக்கம்.