சதையை அறுக்காமல் கட்டியை எடுப்பது

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கரும்பு வெட்டுகிறவர், விசைத்தறியில் பொழுதுக்கும் நிற்கிறவர், மஞ்சள் மூட்டை தூக்குகிறவர், பனியன் கம்பெனியில் மெஷின் முன்னால் குனிந்தே இருப்பவர் என்று பார்த்தால், குறுக்கு வலி, அதாவது இடுப்பு வலி, இல்லாத வீடு நம் பக்கத்தில் ஏது? அந்த வலியோடு டாக்டரிடம் வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு முதுகுத்தண்டில் கட்டி எதுவும் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம். நான் பேச வந்தது அந்த மீதிப் பேரைப் பற்றியும், தசையை அறுக்காமல் அவர்களுடைய கட்டியை எடுக்கும் முறையைப் பற்றியும்.

அவர்களுடைய வலி வேறு மாதிரி இருக்கும். சாதாரணக் குறுக்குப் பிடிப்பு படுத்தால் குறையும். கட்டியால் வருகிற வலி படுத்தால்தான் கூடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள், சிலர் நாற்காலியிலேயே தூங்குவார்கள். வாரக் கணக்கில் இப்படிப் போனால், தைலம் தேய்ப்பதையும் சுளுக்கு வழிப்பதையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் வர வேண்டும். ஏற்கெனவே மார்பகத்திலோ, நுரையீரலிலோ, புராஸ்டேட்டிலோ புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாகக் குறுக்கு வலி வந்தால் காத்திருக்கவே கூடாது. கால் பலம் குறைவது, உட்காரும் இடம் மரத்துப் போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, இவற்றில் ஒன்று வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் போன சக்தி திரும்பாமலே போகலாம்.

கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த பிறகும் நம் மக்கள் வரத் தயங்குவதற்கு ஒரே காரணம்தான். "முதுகுத்தண்டுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதானுங்க" என்பார்கள். இந்தப் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லியாக வேண்டும். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இடுப்பு வரைக்கும் வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்போடு அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது நரம்புக் கொத்து, தண்டுவட நீரில் மிதந்துகொண்டிருக்கும். கட்டியை எடுக்கும்போது அந்த நரம்புகளை மெதுவாக விலக்கிவைக்க முடியும். தண்டுவடத்தை அப்படி விலக்க முடியாது. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேல்முதுகை விட இங்கே நிலைமை நமக்குச் சாதகம்.

முதுகுத்தண்டுக் கட்டியை வெற்றிகரமாக எடுத்த முதல் ஆபரேஷன் 1887ல் லண்டனில் நடந்தது. வில்லியம் கவர்ஸ் நோயைக் கண்டுபிடித்தார், விக்டர் ஹார்ஸ்லி அறுவை செய்தார். ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரேகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. எந்த இடம் மரத்திருக்கிறது என்று ஊசியால் தொட்டுப் பார்த்தே கட்டியின் இடத்தைக் கணித்தார்கள். நடக்க முடியாமல் இருந்தவர் எழுந்து நடந்தார். இந்தத் துறைக்குள் வருகிற ஒவ்வொரு இளம் டாக்டரும் அந்த நிதானத்தைக் கற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நூறு வருஷம் பாதை ஒன்றுதான். நடு முதுகில் நீளமாகக் கீறி, எலும்பின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் தசையை உரித்து விலக்கி, பின்பக்க எலும்பை முழுக்க எடுத்துவிட்டு உள்ளே போவது. கட்டி போய்விடும். ஆனால் அந்தத் தசைதான் நாம் குனிந்து நிமிரும்போது முள்ளெலும்புகளை இழுத்துப் பிடிக்கிறது. உரித்தால் அதற்கு வரும் சிறு நரம்பும் ரத்தமும் கெடும், தசை மெலியும். கட்டி போன பிறகும் வருஷக் கணக்கில் முதுகு வலிக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். பாரம் தூக்கிப் பிழைக்கிற மக்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1990களில், முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கை ஆபரேஷன் செய்வதற்காக வந்த குழாய் முறையை இப்போது கட்டிக்கும் பயன்படுத்துகிறோம். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல். ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் இடத்தை உறுதி செய்துகொண்டு, முதலில் மெல்லிய குழாய், அதன் மேல் கொஞ்சம் பெரியது, அதன் மேல் இன்னும் பெரியது என்று இறக்குவோம். தறியில் பாவு நூலை விரலால் விலக்கினால் இழை அறாமல் வழி விடுகிறதல்லவா, தசை நார்களும் அப்படித்தான் விலகும். கடைசிக் குழாய் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலம். அதன் வழியே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஒரு பக்க எலும்பில் மட்டும் சன்னல் போல் திறந்து, நரம்புக் கொத்தையும் தண்டுவட நீரையும் மூடியிருக்கும் உறையைக் கீறிக் கட்டியை எடுக்கிறோம். எந்த இழை உயிருள்ள நரம்பு, எது கட்டியோடு போக வேண்டியது என்று மின்தூண்டலில் சோதித்த பிறகே வெட்டுவோம். உறையைத் திரும்பத் தைப்பதுதான் கடினம். நீளக் கருவிகளால், குறுகிய குழாய்க்குள் தைக்க வேண்டும். பழகிய கை வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். குழாயை உருவியதும் தசை தானாகச் சேர்ந்துகொள்ளும். தண்டுவட நீர் கசிந்து தேங்க இடம் குறைவு, ரத்த இழப்பும் குறைவு.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஒவ்வொரு நரம்பின் மேலுறையில் வரும் ஷ்வானோமா போன்ற சாதுவான, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டிகள், ஒன்றிரண்டு எலும்பு உயரத்துக்குள் இருந்தால் பொருத்தமானவை. நாலைந்து எலும்பு நீளத்துக்கு வளர்ந்துவிட்டாலோ, வயிற்றுப் பக்கம் பெரிதாகப் பரவியிருந்தாலோ திறந்துதான் செய்ய வேண்டும். எபென்டிமோமா என்ற வகைக் கட்டி உடைந்தால் அதன் துகள்கள் தண்டுவட நீரில் பரவக்கூடும், முடிந்தவரை முழுசாக எடுக்க வேண்டும். அப்போது கீறலின் அளவைப் பற்றிப் பிடிவாதம் கூடாது. சீக்கிரம் வந்தவருக்கே சின்ன வழி கிடைக்கிறது. தாமதித்தவருக்கு அந்த வழியை எந்த டாக்டராலும் உண்டாக்கித் தர முடியாது.

வேறு இடத்துப் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவதுதான் முதுகில் அதிகம் காணும் கட்டி. இதில் நரம்பின் மேல் உள்ள அழுத்தத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குறிவைத்த கதிர்வீச்சுக்கு விடுவது இப்போதைய வழி. நொறுங்கிய எலும்புக்குத் தோல் வழியாகவே ஊசியால் எலும்புச் சிமெண்ட் செலுத்தலாம், ஸ்க்ரூவும் சிறு துளைகள் வழியே போடலாம். காயம் சின்னது என்பதால் ஆறி, கதிர்வீச்சையும் கீமோவையும் சீக்கிரம் தொடங்க முடிகிறது. புற்றுநோயாளிக்கு இது மிகப் பெரிய உதவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருந்துறை சானடோரியம் என்று பெரியவர்கள் சொல்கிற இடம் காசநோய்க்காகவே உருவானது. அந்தக் காசநோய் முதுகெலும்பிலும் வரும், ஸ்கேனில் கட்டி போலவே தெரியும். அதனால் எலும்பில் சந்தேகமான நிழல் இருந்தால் ஊசி வழியாகத் துளி சதை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். காசநோய் என்று வந்தால் பலருக்கு மாத்திரையே போதும்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் சிகிச்சை அதில் வருகிறதா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஸ்கேன் படங்களையும் சிடியையும் கையோடு எடுத்துப் போங்கள். குழாய் வழியா, திறந்த வழியா என்பது படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"மறுபடி தறிக்குப் போகலாமுங்களா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். குழாய் முறையில் செய்தவர்களில் பலர் ஒன்றிரண்டு நாளில் எழுந்து நடக்கிறார்கள். பாரம் தூக்குவதற்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும், எத்தனை வாரம் என்பதை உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர் சொல்வார். சாதுவான கட்டி முழுசாகப் போயிருந்தால் திரும்ப வருவது அபூர்வம். ஆனாலும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்க்க வேண்டும், வலி இல்லை என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.