மூன்று சிவப்பு விளக்குகள்: பழைய கேம் கன்சோல்கள் உண்மையிலேயே கெட்டியானவையா?

[காட்சி: இருட்டு அறை. வெள்ளை எக்ஸ்பாக்ஸ் 360. பவர் பட்டனைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன.]

2005 நவம்பரில் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்டின் கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360 விற்பனைக்கு வந்தது. பவர் பட்டனைச் சுற்றி வளையமாக நான்கு விளக்குகள். பச்சையாக எரிந்தால் எல்லாம் நலம். மூன்று விளக்குகள் சிவப்பாக மின்னினால் மெஷின் படுத்துவிட்டது. வாங்கிய சில மாதங்களிலேயே பலருடைய வீட்டில் இந்தச் சிவப்பு வளையம் வந்துவிட்டது.

சரி, உள்ளே என்னதான் நடந்தது? அதைப் புரிந்துகொண்டால், "அந்தக் காலத்து மெஷின் மாதிரி வருமா" என்ற பேச்சில் எவ்வளவு உண்மை என்பதும் பிடிபடும்.

[காட்சி: கிராஃபிக்ஸ் சிப்பின் குறுக்குவெட்டுப் படம்.]

கிராஃபிக்ஸ் சிப்பைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நகத்தளவு சிலிக்கன் துண்டு. அதற்குக் கீழே ஒரு சின்னத் தகடு. இரண்டையும் இணைப்பவை கடுகை விடச் சிறிய சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) உருண்டைகள். கேம் ஓடும்போது சிப் சூடாகி விரிகிறது, அணைத்தால் சுருங்குகிறது. சிலிக்கன் ஒரு அளவு விரியும், தகடு இன்னொரு அளவு விரியும். நடுவில் மாட்டிக்கொண்ட உருண்டை இரண்டு பக்கமும் இழுபடும். ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடியும் இல்லையா, அதே கதைதான். தினமும் ஆன் செய்வதும் ஆஃப் செய்வதுமே அந்த வளைப்பு.

இதில் வடிவமைப்பும் சேர்ந்துகொண்டது. முதல் மாடல்களில் டிவிடி டிரைவுக்கு அடியில்தான் கிராஃபிக்ஸ் சிப் இருந்தது. அதனால் அதன் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கைக் குட்டையாக வைக்க வேண்டியிருந்தது. அதிகச் சூடு, குறைந்த இடம். பின்னால் வந்த சர்க்யூட் போர்டுகளில் அந்தச் சூட்டை வெளியே இழுக்க ஹீட் பைப் சேர்த்தார்கள்.

அப்போது ஒரு துண்டு வைத்தியம் பரவியது. கன்சோலைக் குளிக்கும் துண்டால் இறுகச் சுற்றி, கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள். உள்ளே அனல் ஏறி, விரிசல் விட்ட இணைப்பு மறுபடி தொட்டுக்கொள்ளும். மெஷின் எழுந்திருக்கும், சில நாளில் மறுபடி படுத்துவிடும். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, மிச்சமிருக்கும் நல்ல பாகங்களும் வெந்துபோகும்.

பல வருடங்களாகப் பழி ஈயமில்லாத சால்டர் மேல்தான் விழுந்தது. 2006 ஜூலையிலிருந்து ஐரோப்பா மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குத் தடை போட்டிருந்ததால், போர்டுக்கும் சிப்புக்கும் நடுவில் உள்ள சால்டர்தான் விடுகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். 2021-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணப்படத் தொடரில், அந்த ஹார்டுவேர் குழுவை நடத்திய டாட் ஹோம்டால் சொன்னது வேறு: ஒடிந்தவை சிப்புக்கு உள்ளேயே இருந்த இணைப்புகள். சால்டரை உருக்கி மறுபடி ஒட்டவைக்கப் போர்டில் எத்தனை முறை ஹாட் ஏர் அடித்தாலும், பலர் பழுதுபார்க்கக் கொண்டுவந்த மெஷின்கள் ஏன் நிரந்தரமாகச் சரியாகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்தப் பழுதுக்கு மூன்று வருட வாரண்டி அறிவித்து, 105 முதல் 115 கோடி டாலர் வரை அதற்கென ஒதுக்கியது. பணம் கொடுத்து வாங்கியவரை நடுத்தெருவில் விடவில்லை. அந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன்.

[காட்சி: முன்பக்கக் கதவு திறந்த சாம்பல் நிற நின்டெண்டோ. சிவப்பு விளக்கு மின்னுகிறது.]

இப்போது இருபது வருடம் பின்னால் போவோம். 1985-ல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ கன்சோலில் ஃபேன் கிடையாது, சிப்புகளின் மேல் ஹீட் சிங்க்கும் கிடையாது. சூட்டால் சாகிற பேச்சே இல்லை. அப்படியென்றால் பழுதே வராதா? நன்றாக வந்தது.

அமெரிக்கக் கடைகளுக்காக அதை விசிஆர் மாதிரி வடிவமைத்தார்கள். கேசட்டை முன்பக்கமாக உள்ளே தள்ளி, கீழே அமுக்க வேண்டும். ஒவ்வொரு அமுக்கலிலும் 72 பின் கொண்ட கனெக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கன்சோலில் ஒரு காவல் சிப், கேசட்டில் அதன் ஜோடி. இரண்டும் பேசிக்கொள்ள முடியாவிட்டால் மெஷின் நொடிக்கு ஒருமுறை ரீசெட் ஆகும். அந்தச் சிவப்பு மின்னல் அதுதான். இதே மெஷினின் ஜப்பானிய வடிவம் ஃபாமிகாம்; கேசட்டை மேலிருந்து செருகும் அதில் இந்தத் தொல்லை இல்லை.

நம் ஊரில் 'டிவி கேம்' என்று விற்றவையும் ஃபாமிகாம் சாயலில் வந்த நகல்களே. ஆனாலும் கேசட்டை ஊதிப் போடும் பழக்கம் இங்கேயும் வீட்டுக்கு வீடு இருந்தது. உண்மையில் வேலை செய்தது நம் மூச்சு இல்லை. கழற்றி மறுபடி மாட்டும்போது பின்கள் புது இடத்தில் உரசித் தொட்டன, அவ்வளவுதான். எச்சில் ஈரம் அந்தப் பின்களை அரிக்கும் என்பதால் ஊதாதீர்கள் என்று நின்டெண்டோ நிறுவனமே சொன்னது.

முதல் பிளேஸ்டேஷனும் சளைத்ததில்லை. ஆரம்ப மாடல்களில் லென்ஸ் பவர் சப்ளைக்குப் பக்கத்தில் இருந்தது, அது நகரும் பிளாஸ்டிக் தடமும் தேய்ந்தது. கன்சோலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடியவர்கள் ஏராளம்.

அதனால் "பழசுதான் கெட்டி" என்பதை நான் பாதிதான் ஏற்பேன். இன்று அலமாரியில் ஓடிக்கொண்டிருப்பது தப்பிப் பிழைத்த மெஷின். செத்தவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆனால் மீதிப் பாதி உண்மை. பழைய மெஷின் கெட்டால் ஒரு கனெக்டரை மாற்றினால் போதும், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துவிடலாம். சிப்புக்குள் ஒடிந்ததை அப்படிச் செய்ய முடியாது.

[காட்சி: பிரித்து வைத்த ஜாய்-கான். கறுப்பு கார்பன் தடத்தின் மேல் குளோசப்.]

உரசித் தேய்கிற வியாதி புது மெஷின்களிலும் தொடர்கிறது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சின் கைக் கன்ட்ரோலரான ஜாய்-கானின் குச்சியை அசைக்கும்போது, ஒரு மெல்லிய உலோக நாக்கு கார்பன் தடத்தின் மேல் வழுக்குகிறது. இந்தக் கறுப்பு மினுமினுப்பு மங்கிய இடத்தைப் பாருங்கள். தேய்ந்தது அங்கேதான். கை வைக்காமலே கதாபாத்திரம் தானாக நடக்கும், அதுதான் டிரிஃப்ட். 2020-ல் நின்டெண்டோவின் தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இதற்கு மருந்து 1998-லேயே இருந்தது. சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்சோலின் குச்சியில் காந்தமும் ஹால் சென்சாரும் இருந்தன. காந்தம் நகர்வதைச் சென்சார் தொடாமலே அறிந்துகொள்ளும், உரச எதுவும் இல்லை. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-இலும் ஹால் சென்சார் வைக்கவில்லை.

சூடு விஷயத்தில் மட்டும் பாடம் நன்றாகவே ஏறியிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ல் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் வழக்கமான சூடு கடத்தும் பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம். முதல் மாடலின் ஃபேன் மட்டும் 12 சென்டிமீட்டர் அகலம். 2020 அக்டோபரில் சோனி பொறியாளர் யாசுஹிரோ ஓட்டோரி தானே அதைப் பிரித்துக் காட்டியபோது, தூசி சேர்வதற்கென்றே விட்ட இரண்டு துளைகளையும் காட்டினார்.

[காட்சி: பிளேஸ்டேஷன் 5-ன் பக்கத் தகடு கழற்றப்படுகிறது.]

மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத் தகட்டைக் கழற்றினால் துளைகள் தெரியும். வேக்குவம் கிளீனர் முனையை அங்கே வைத்து உறிஞ்சுங்கள். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்து, பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.