குண்டெழுத்துக்கு உயிர் சுழியில் இருக்கிறது

கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் கடை போர்டும் ஃப்ளெக்ஸும் பத்திரிகையுமாக எழுத்தோடு நாளெல்லாம் புழங்கும் தோழர்களே, வணக்கம்.

முனை மழுங்கிய தடித்த எழுத்து, அதாவது குண்டெழுத்து, இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. 'பலூ தம்பி' என்ற ஃபாண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் புதிய பதிப்பில் ஐந்து தடிமன்கள் உண்டு. அசோகா அல்வா, டிகிரி காபி, பொம்மைக் கடை, மழலையர் பள்ளி – இந்தப் பெயர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து இல்லை என்பேன். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி அடி கனத்து உட்கார்ந்து, கனிவாகக் கூப்பிடும்.

ஆனால் தமிழில் தடிமன் கூட்டினால் முதலில் அடைபடுவது சுழி. மூன்று சுழி ண தூரத்தில் இரண்டு சுழி ன ஆகும். 'மணமக்கள்' 'மனமக்கள்' ஆகிவிடுவார்கள். இரட்டைக் கொம்பின் சுழி மூடினால் 'தேன்' 'தென்' ஆகும். மேல்விலங்கின் சுழி மூடினால் 'மீன்' 'மின்' ஆகும். ஆகவே ஃபாண்ட் தேர்ந்தெடுக்கும்போது 'அ', 'க' பார்த்து முடிவு செய்யாதீர்கள். ணீ, ஞே, ஐ, றூ அடித்துப் பாருங்கள்.

மெல்லிய ஃபாண்டுக்கு அவுட்லைன் (எழுத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு) கொடுத்துக் குண்டாக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 4 மில்லிமீட்டர் அவுட்லைனில் பாதி வெளிப்பக்கம் படரும். அதாவது சுழிக்குள் இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் நுழைகிறது. 6 மில்லிமீட்டர் சுழியில் மிஞ்சுவது 2 தான். ஃப்ளெக்ஸில் மை கொஞ்சம் பரவினால் அதுவும் போச்சு. இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் அமுக்குவதும் கெடுதல்: நிமிர்ந்த கோடு மெலியும், படுத்த கோடு தடித்தே நிற்கும், முனை வட்டம் முட்டையாகும். அமுக்குவதைவிடச் சொல்லைக் குறையுங்கள். பெரிய எழுத்து இடம் தின்னும் என்பது நம் கரைக்குப் பழைய பாடம். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்து தாளை அதிகம் தின்றதால்தான் சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

அளவுக்கு வருவோம். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது வழக்கமான கணக்கு. 60 அடிக்கு 6 அங்குலம். அதை 'ப'வின் உயரமாக எடுங்கள். மேலே புள்ளிக்கும் கீழே 'கு', 'மு' வாலுக்கும் தனி இடம் விடுங்கள். பிறகு 10 அடி போர்டைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி ஏ3 தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி, 6 அடி தள்ளி நின்று படியுங்கள். 60 அடியில் தெரியப்போவது அப்படியே தெரியும். திரையில் பார்த்து ஏமாறுவதற்கு இது மருந்து.

நெல் கொள்முதல் நிலைய அறிவிப்பில் தலைப்புக்கு மட்டும் குண்டெழுத்து போதும்; 'ஈரப்பதம் 17 சதவீதம்' போன்ற விவரமெல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். கண்ணீர் அஞ்சலிக்கு வேண்டவே வேண்டாம்.

அக்ரிலிக் எழுத்தில் புள்ளி தனித் துண்டு. பசையை மட்டும் நம்பினால் வெயிலில் காய்ந்து புள்ளி விழும். 'பால்' 'பால' என்று நிற்கும். புள்ளிக்குப் பின்னால் இரண்டு திருகு கொடுங்கள். ஒன்று மட்டும் போட்டால், புள்ளி நீள்வட்டமாக இருக்கும் ஃபாண்டில் அது சுழன்று சாய்ந்துவிடும்.