பூனையை எலி துரத்தியது: வாசித்துப் புரிதலைச் சோதிப்பது எப்படி?

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஒரு சின்னப் பத்தி படிக்கிறேன், கேளுங்கள். "நூவன் தட்டலியைப் பொலுக்கினான். தட்டலி தெம்மியது. அதனால் நூவன் கீச்சத்துக்குள் நுழைந்தான்." இப்போது வினா. நூவன் எதைப் பொலுக்கினான்? தட்டலியை. நூவன் ஏன் கீச்சத்துக்குள் நுழைந்தான்? தட்டலி தெம்மியதால். எல்லாருக்கும் முழு மதிப்பெண்! ஆனால் தட்டலி பறக்குமா, ஊருமா, அடுப்பில் வேகுமா? இந்த அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் முடியாது, அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை.

நம் வினாத்தாள்களில் "பத்தியைப் படித்து விடையளி" என்ற தலைப்பின் கீழ் வரும் வினாக்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருக்கும் சொல்லை எடுத்து எழுதினால் போதும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் இந்த வித்தையைக் கற்றுக்கொள்கிறார்கள். பதிவேட்டில் "புரிதல் நன்று" என்று நாம் எழுதிவிடுகிறோம். நாம் சோதித்தது கண்ணின் கூர்மையை.

வாசித்துப் புரிதல் எதனால் ஆனது என்பதை 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம், இரண்டையும் பெருக்கினால் வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். பிள்ளை தவறாக விடை சொன்னால் எந்தப் பக்கம் ஓட்டை என்று கண்டுபிடிப்பதுதான் சோதனையின் வேலை. மதிப்பெண் மட்டும் அதைச் சொல்லாது.

ஏசர் (ASER) என்ற நாடு தழுவிய கல்வி ஆய்வு 2005-லிருந்து வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளை எழுத்து, சொல், பத்தி, கதை என்ற படிகளில் வாசிக்கச் சொல்கிறது. அது பெருக்கலின் முதல் பக்கத்தை, எழுத்தை ஒலியாக்கும் திறனை, அளக்கும் கருவி. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. அதே தாளை வகுப்பில் வைத்துக்கொண்டு "கதை வரை வந்துவிட்டான், புரிகிறது" என்று முடிவு கட்டுவது நம் தவறு, கருவியின் தவறு இல்லை.

இனி ஒரு பத்தியை எடுத்து அக்கக்காகப் பிரிப்போம். மூன்றாம் வகுப்புக்கானது, 41 சொற்கள்.

"மாலையில் வானம் கறுத்தது. கொடியில் கிடந்த துணிகளை அம்மா வேகமாக எடுத்தார். முற்றத்தில் காய்ந்த மிளகாயைப் பாட்டி முறத்தில் அள்ளினார். 'கவின், ஆட்டைப் பிடித்துத் திண்ணையில் கட்டு' என்றார் பாட்டி. கவின் ஓடினான். ஆடு வேலியைத் தாண்டிவிட்டது. கவின் திரும்பி வந்தபோது அவன் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஆடு மட்டும் அவன் பின்னால் சாதுவாக நடந்து வந்தது."

மழை என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை. வேண்டுமென்றே விட்டது. ஐந்து வினாக்கள் கேட்கலாம். பாட்டி எதை அள்ளினார்? இது நேரடி வினா. இது ஒன்று போதும், பிள்ளைக்குத் தைரியம் வருவதற்காக முதலில் வைப்பது. அம்மா ஏன் வேகமாகத் துணிகளை எடுத்தார்? இதற்கு விடை பத்தியில் எழுதப்படவில்லை. வானம் கறுத்ததையும் துணி எடுத்ததையும் பிள்ளை தானே முடிச்சுப் போட வேண்டும். "அவன் பின்னால்" என்றால் யார் பின்னால்? இது சுட்டுப்பெயர் வினா. எளிதாகத் தெரியும், ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை இதில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஏழாவது வாக்கியத்தில் வந்த கவின் எட்டாவது வாக்கியம் வரும்போது மனத்தில் தங்கியிருப்பதில்லை. சாதுவாக என்றால் எப்படி நடந்தது, நடந்து காட்டு. இதற்கு அகராதிப் பொருள் கேட்கக் கூடாது. பிள்ளை மெல்ல நடந்து காட்டினால் சரி.

ஐந்தாவது வினா: கவினின் சட்டை ஏன் உடம்போடு ஒட்டியிருந்தது? மழையில் நனைந்ததால் என்பது விடைக்குறிப்பில் இருப்பது. ஒரு பிள்ளை "வேர்வை, ஆட்டைத் துரத்திக்கிட்டு ஓடுனான்ல" என்று சொன்னால்? முழு மதிப்பெண் கொடுங்கள். பத்தியில் ஆதாரம் இருக்கிறது. "சட்டை சின்னது" என்று சொன்னால் கிடையாது, பத்தியில் அதற்கு இடமில்லை. நாம் நினைத்த விடையா என்று பார்க்கக் கூடாது, பத்தி தாங்கும் விடையா என்று பார்க்க வேண்டும். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அந்தப் பிள்ளை "ஓடுனான்ல" என்று பேச்சு வழக்கில் சொன்னதையும் கவனியுங்கள். புரிதலைச் சோதிக்கும்போது எழுத்துத் தமிழில் விடை கேட்பது இரண்டு தேர்வுகளை ஒன்றாக்கிவிடும். விடையை வாயால் சொல்லட்டும், வீட்டுத் தமிழில் சொல்லட்டும். ஒற்றுப்பிழைக்கும் முழு வாக்கியத்துக்கும் வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கே உரிய சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்காகச் செய்த கருவிகளில் இதைத் தேடினாலும் கிடைக்காது. இரண்டு அட்டைகள் எடுங்கள். ஒன்றில் "எலியைப் பூனை துரத்தியது", இன்னொன்றில் "பூனையை எலி துரத்தியது". இரண்டாவதைக் கொடுத்து, யார் துரத்தியது என்று கேளுங்கள். பூனை என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை உலக அறிவால் நிரப்புகிறது. ஐ உருபு கண்ணில் படவில்லை. சிரித்துவிட்டு "எலியா!" என்று கேட்கும் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது. இதே போல "தட்டினான்", "தட்டினாள்", "வந்து", "வராமல்" என்று சொல்லின் வாலில் பொருள் மாறும் இடங்களை வைத்து ஆறேழு அட்டைகள் செய்துகொள்ளலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை சொல்லின் தலையைப் படித்துவிட்டு வாலை ஊகிக்கும், தமிழில் வால்தான் யார், எப்போது, நடந்ததா இல்லையா என்பதையெல்லாம் சொல்கிறது.

இதனால்தான் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கில அளவை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது என்கிறேன். "தாண்டிவிட்டது" நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு மூன்று சொற்கள் வேண்டும்.

பத்தி தேர்வு செய்வதில் இன்னொரு வழுக்கல். 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் ரயில் நிலையப் பத்தியைக் கொடுத்தால் மலைக்கிராமத்துப் பிள்ளை தடுமாறும். ஆட்டுப் பத்தியில் அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளை முறத்தில் தடுக்கி விழும். ஒரே பத்தியை வைத்து முடிவு கட்டாதீர்கள். வேறு வேறு சூழலில் குறைந்தது இரண்டு பத்திகள் வேண்டும்.

வினாத்தாள் தயாரானதும் முதலில் பத்தியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் நான்கைந்து பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "யானை எதனால் தண்ணீர் உறிஞ்சும்?" என்று இருந்தால் பத்தி எதற்கு? வாசிக்காமலே விடை வரும் வினாவைக் கிழித்துப் போடுங்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு விடைகள் கொண்ட ஐந்து வினாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலும் நூற்றில் 10 பிள்ளைகள் மூன்றோ அதற்கு மேலோ வாங்குவார்கள். மூன்றே விடைகள் என்றால் 21 பிள்ளைகள். வகுப்பில் அஞ்சு பேர் இப்படித் தேறினாலும் நமக்குத் தெரியாது.

நடத்தும் முறைக்கு வருவோம். தனித்தனியாக, வகுப்பறைக்கு வெளியே, மற்றவர் காதில் விழாத இடத்தில் வைத்து நடத்துங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். 30 பேர் என்றால் ஐந்து மணி நேரம், ஒரே நாளில் நடக்காது. நாளுக்கு ஐந்து பேர், ஆறு நாள். பிள்ளை உரக்க வாசிக்கட்டும். ஒரு சொல்லில் நின்றால் மூன்று விநாடி பொறுத்து, நாமே சொல்லிக்கொடுத்து நகர்த்த வேண்டும், அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு. முதல் வரியில் ஒரு சொல்லும் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், பிள்ளையை வதைக்க வேண்டாம். உரக்க வாசிக்கும்போது கவனம் முழுக்க உச்சரிப்பில் இருக்கும். ஆகவே வினா கேட்பதற்கு முன் மனத்துக்குள் இன்னொரு முறை படிக்க விடுங்கள். தாளைப் பிடுங்காதீர்கள். உலகெங்கும் பயன்படும் ஈக்ரா (EGRA) என்ற தொடக்க வகுப்பு வாசிப்புச் சோதனையில் வினா கேட்கும்போது தாளை எடுத்துவிடுவது வழக்கம், அது பெரிய அளவிலான ஆய்வுக்குச் சரி. வகுப்பில் அப்படிச் செய்தால் நினைவாற்றலையும் சேர்த்துச் சோதித்தவர்கள் ஆவோம். வினா கேட்டபின் பதினைந்து விநாடி வாயைத் திறக்காமல் இருங்கள். ஆசிரியருக்கு இதுதான் கஷ்டம்.

மூன்றுக்கும் குறைவாக விடை சொன்ன பிள்ளையிடம், அதே கடினத்தில் உள்ள இரண்டாவது பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி அதே வகை வினாக்களைக் கேளுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி வேண்டும், சரளம் வேண்டும். கேட்டாலும் புரியவில்லை என்றால் எழுத்து அட்டையை எத்தனை முறை காட்டினாலும் பயனில்லை. கதை சொல்ல வேண்டும், பேச வைக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் பிள்ளையாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி, கீழிருந்து மேலாக, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். அரும்பில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரும் ஒரே காரணத்தால் அங்கே இல்லை. பதிவேட்டில் ஒரே மதிப்பெண்ணுக்குப் பதில் மூன்று கட்டம் போடுங்கள்: சரளம், வாசித்துப் புரிதல், கேட்டுப் புரிதல். சரளம் நன்று, புரிதல் குறைவு என்று விழும் பிள்ளையை முதலில் கவனியுங்கள். கணீரென்று வாசிப்பதால் அந்தப் பிள்ளை மேல் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

கடைசியாக ஒன்று. இந்த ஆட்டுப் பத்தியை அடுத்த ஆண்டும் அதே பள்ளியில் எடுக்காதீர்கள். அதுவரை ஆட்டின் கதை தம்பி தங்கைகள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், தாளைக் கையில் கொடுப்பதற்கு முன்பே "மழை டீச்சர்!" என்பார்கள்.